இளைஞர் நாடு என்று மார்தட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கு



இன்னிக்கு ஆகஸ்ட் 12, பன்னாட்டு இளைஞர் நாள். காலையில இருந்து போனைத் திறந்தாலே வாழ்த்து அட்டைதான். ‘உலகிலேயே அதிக இளைஞர்கள் வாழும் நாடு இந்தியா’ என்று ஒரு வரி, பின்னால் மூவர்ணம், கையை உயர்த்திக்கொண்டு நாலு பேர். இன்னும் மூணு நாளில் செங்கோட்டையிலிருந்தும் இதே பேச்சு வரும். 2023 சுதந்திர தின உரையில் மக்கள்தொகை, ஜனநாயகம், பன்முகத்தன்மை ஆகிய மூன்றையும் நாட்டின் பலமாகச் சொன்னார் பிரதமர். அதில் மக்கள்தொகைக்குத்தான் முதலிடம்.

நாமும் மறுக்கவில்லை. இந்தியாவில் ஏறக்குறைய பாதிப் பேர் 28, 29 வயதுக்குக் கீழே இருப்பவர்கள். சீனாவில் அந்த நடு வயது 39ஐத் தொட்டுவிட்டது. ஜப்பானில் 49. மக்கள் எண்ணிக்கையில் 2023 ஏப்ரலில் நாம் சீனாவைத் தாண்டினோம் என்று ஐ.நா. கணக்கிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நைஜீரியாவில் பாதிப் பேருக்கு வயது சுமார் 18க்குக் கீழே. வயசுதான் செல்வம்னா உலகின் பணக்கார நாடு அதுவாகத்தானே இருந்திருக்கணும்?

வயது சொத்து இல்லை, அது ஒரு வாய்ப்பு. அதற்கு ஒரு கெடுவும் உண்டு. அந்தக் கெடு தமிழ்நாட்டுக்கு மற்ற பல மாநிலங்களைவிட முன்னதாகவே வருது. நம் தோழர்கள் பலருக்கே இது முழுசாகத் தெரியவில்லை என்பதால்தான் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக இந்த நீண்ட பதிவு. பொறுமையா படிங்க.

முதலில் ஒரு வீட்டுக் கணக்கு. தாத்தா காலத்தில் ஒரே ஆள் சம்பாத்தியம், சாப்பிட எட்டு வாய். வந்த காசெல்லாம் சோத்துக்கே சரியா போச்சு. அப்பா காலத்தில் பிள்ளை இரண்டோடு நின்றது. அம்மாவும் வேலைக்குப் போனார். சம்பாதிக்கிறவர் இருவர், உட்கார்ந்து சாப்பிடுபவர் இரண்டு மூன்று பேர். அந்த வீட்டில்தான் சீட்டுப் பணம் கட்டினாங்க, பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தாங்க, கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டாங்க. இன்னும் இருபது வருஷம் கழித்து அதே வீட்டில் அப்பாவும் அம்மாவும் முதியவர்கள், சம்பாதிப்பது ஒரு பிள்ளை. மறுபடியும் கை இறுகும். நடுவில் வந்த அந்த இருபது முப்பது வருஷம்தான் வாய்ப்பு. ஒரு நாட்டுக்கும் கணக்கு இதுதான். பிறப்பு விகிதம் குறையத் தொடங்கி, முதியோர் பெருகுவதற்கு முன்னால் உள்ள இடைவெளியில் உழைக்கும் வயதுக்காரர்கள் அதிகமாகவும் அவர்களைச் சார்ந்தவர்கள் குறைவாகவும் இருப்பார்கள். பொருளாதாரக்காரர்கள் இதை மக்கள்தொகை ஈவு என்கிறார்கள். ஒரு நாட்டுக்கு இது ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.

ஆனா மேலே சொன்ன வீட்டில் ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? அந்த இருவருக்கும் வேலை இருந்தது. வேலை இல்லாதிருந்தால் அது உழைக்கும் வயதில் இருக்கும் இருவரையும் வைத்துச் சோறு போடும் வீடு. அவ்வளவுதான்.

தென் கொரியாவைப் பாருங்க. 1960இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். அதற்கு முன்பே நிலச் சீர்திருத்தம் நடந்து முடிந்திருந்தது, ஆரம்பப் பள்ளி ஊர் ஊராகப் போயிருந்தது. அடுத்த முப்பது வருஷத்தில் பிறப்பு விகிதம் சரிந்தது. வளர்ந்து வந்த தலைமுறை, அதிலும் முக்கியமாக இளம்பெண்கள், நூற்பாலைக்கும் தையல் கூடத்துக்கும் மின்னணுத் தொழிற்சாலைக்கும் போனார்கள். 1980களின் இறுதியில் அங்கே வேலையில் இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உற்பத்தித் தொழிலில் இருந்தார். டேவிட் புளூம், ஜெஃப்ரி வில்லியம்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1998இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 1965 முதல் 1990 வரை கிழக்காசிய நாடுகள் கண்ட வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் இந்த வயது மாற்றத்தால் வந்ததாக இருக்கலாம் என்றார்கள். அதே கொரியாவில் 2023இல் பிறப்பு விகிதம் 0.72. வாய்ப்பு மூடிக்கொண்டது. ஆனால் மூடுவதற்குள் நாடு பணக்கார நாடாகிவிட்டது.

கொரிய முதலாளிகளும் ராணுவ ஆட்சியும் அந்தத் தொழிலாளிகளைப் பிழிந்தெடுத்த கதை தனிக்கதை. அதையெல்லாம் நாம் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. இளைஞர் கையில் வேலை இருந்தது என்ற ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

இப்போ இந்தியாவுக்கு வருவோம். ஒன்றிய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையே இந்த ஈவு 2041 வாக்கில் உச்சத்தைத் தொடும் என்று சொல்கிறது. 20 முதல் 59 வயதுக்குள் இருப்பவர்கள் அப்போது மக்கள்தொகையில் 59 சதவீதம். அதற்குப் பிறகு இறங்குமுகம். இன்னும் பதினாறு வருஷம். இன்னிக்கு எல்கேஜியில் இருக்கும் பிள்ளை கல்லூரிப் படிப்பை முடிக்கும்போது நாடு உச்சியில் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்து, வீடு கட்டி, சேமித்து வைக்கும் காலமெல்லாம் இறக்கத்தில்தான்.

அப்படியென்றால் இப்போது நாடே வேலை வேலை என்று பரபரக்க வேண்டாமா? விவரம் பாருங்க.

2018-19இல் இந்தியாவில் வேலை செய்பவர்களில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 2023-24இல் அது 46.1 சதவீதம். வளரும் நாட்டில் ஆட்கள் வயலிலிருந்து ஆலைக்குப் போவார்கள். இங்கே வயலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். கொரோனாவில் ஊருக்குப் போனவர்கள் ஊரிலேயே தங்கிட்டாங்க, ஏன்னா திரும்பி வர வேலை இல்லை. உற்பத்தித் தொழிலில் இருப்பவர்கள் நூற்றுக்குப் பதினோரு பேர் சொச்சம். இதெல்லாம் எதிர்க்கட்சி கிளப்பிவிட்ட எண்கள் இல்லை, ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இருப்பவை.

இன்னொரு எண் இதைவிட மோசம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை வெளியிட்டன. 2022 நிலவரப்படி எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர் 3.4 சதவீதம். பட்டம் வாங்கிய இளைஞர்களில் 29.1 சதவீதம். படிக்கப் படிக்க வேலையின்மை கூடுது! நம்ம ஊர்ப் பெரியவங்க ‘படிச்சா பொழச்சுக்குவான்’னு நெல்லை வித்துப் பிள்ளைகளைப் படிக்க வச்சாங்க. அந்தப் பெரியவங்களுக்கு இந்த நாடு கொடுத்த பதில் இந்த 29.1.

படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவரால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். கிடைத்த கூலிக்கு மூட்டை தூக்குவார், கணக்கில் ‘வேலையில் உள்ளவர்’ என்று ஏறிவிடும்.

2025 ஜூலை 12ஆம் தேதி குரூப் 4 தேர்வு நடந்தது. இடம் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஒரு நாற்காலிக்கு முன்னூற்றைம்பது பேர். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் அன்றைக்குத் தேர்வு மையத்தில் இருந்தீர்களோ, எங்களுக்குத் தெரியும், நிறையப் பேர் இருந்திருப்பீங்க. வடக்கே போனால் இன்னும் கொடுமை. ரயில்வேயில் சுமார் 35 ஆயிரம் இடத்துக்கு ஒண்ணேகால் கோடி விண்ணப்பம். 2022 ஜனவரியில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பிள்ளைகள் தண்டவாளத்தில் உட்கார்ந்தது அதற்குத்தான். 2024 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச காவலர் தேர்வு: 60 ஆயிரம் இடம், 48 லட்சம் பேர். வினாத்தாள் கசிந்து தேர்வே ரத்து.

இந்தப் பசிக்கு ஒன்றிய அரசு வைத்த சாப்பாடு என்ன? ராணுவத்துக்கு ஆள் எடுப்பதில் அக்னிபாத். நாலு வருஷம் வேலை, பிறகு நான்கில் மூன்று பேர் வெளியே. இருபத்தொரு வயதில் சேர்ந்தவர் இருபத்தைந்தில் ‘முன்னாள்’ ஆகிவிடுவார். 2024 பட்ஜெட்டில் இன்டர்ன்ஷிப் திட்டம்: முதல் 500 பெரிய நிறுவனங்களில் ஐந்து ஆண்டில் ஒரு கோடிப் பேர், மாதம் 5,000 ரூபாய். முதல் சுற்றில் ஒன்றேகால் லட்சம் இடம் என்று அறிவித்தார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் பத்தாயிரத்தைக்கூடத் தொடவில்லை. வெளியூரில் அறை வாடகைக்கே 5,000 பத்தாதுன்னு டெல்லியில் யாருக்கும் தோணலையா? 2025 ஜூலை 1ஆம் தேதி இன்னொரு திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல். 99,446 கோடி ரூபாய், ஆள் எடுக்கும் முதலாளிக்கும் முதன்முறை வேலைக்குச் சேர்பவருக்கும் ஊக்கத்தொகை. நல்லது நடந்தால் வரவேற்போம். ஆனால் சரக்கு வாங்க மக்கள் கையில் காசு இல்லாதபோது, ஆர்டர் இல்லாத முதலாளி ஊக்கத்தொகைக்காக ஆள் எடுப்பாரா? ஏற்கெனவே எடுக்க நினைத்திருந்தவர் கூடுதலாக மானியம் வாங்கிக்கொள்வார். நம் சந்தேகம் அதுதான்.

விவசாயம் அல்லாத துறைகளில் 2030 வரை ஆண்டுக்கு 78.5 லட்சம் வேலை உருவாக வேண்டும் என்று 2023-24 ஆய்வறிக்கையில் எழுதியதும் இதே அரசுதான். அந்த எண்ணைக் கேட்டுத்தான் நாம் விடாமல் நச்சரிக்க வேண்டும். போன வருஷம் எத்தனை? இந்த வருஷம் எத்தனை?

இன்னொன்று. இளைஞர் எத்தனை பேர், எந்த ஊரில், என்ன படிப்பு என்று சரியாகச் சொல்ல நம்மிடம் ஒரு கணக்கே இல்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படைத் தேதியாக வைத்து நடத்தப்போவதாக 2025 ஜூன் மாதம்தான் அரசிதழில் வந்தது. 2011இல் கையில் இருந்த கைக்குழந்தைக்கு இப்போது மீசை அரும்புகிறது. கணக்கேட்டில் அவன் இன்னும் கைக்குழந்தைதான்.

வேலை கொடுக்காமல் இளைஞரை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அறிய ரொம்ப தூரம் போக வேண்டாம். வங்கதேசத்தில் ஆயத்த ஆடைத் தொழில் லட்சக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்தது, அதை எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆனால் படித்த பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இல்லை. அரசு வேலை ஒன்றே நம்பிக்கை. அதில் 30 சதவீதத்தை விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு மறுபடி ஒதுக்கும்படி 2024 ஜூனில் தீர்ப்பு வந்ததும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் நாட்டை விட்டே கிளம்பினார். அந்நாட்டின் வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வானத்திலிருந்து விழுந்த இடி.

சரி, தமிழ்நாடு? இங்கேதான் நாம் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தலாம், கொஞ்சம் பயப்படவும் வேண்டும்.

நிமிர்த்த வேண்டிய பகுதி: சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று 1920இல் தியாகராயர் தலைமையில் மாநகராட்சி முடிவெடுத்தது. காமராசரின் மதிய உணவு, எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு எல்லாம் அந்த ஓரணாவின் தொடர்ச்சி. கட்சி வேறுபாடு பார்க்காமல் சொல்வோம், இளைய தலைமுறையை வருங்காலச் செல்வமாகப் பார்த்த அரசியல் இந்த மண்ணில் நூறு வருஷமாக இருக்கிறது. அதனால்தான் 2021-22 கணக்கில் இந்தியா முழுக்க உயர்கல்விச் சேர்க்கை 28.4 சதவீதமாக இருந்தபோது நாம் 47 சதவீதத்தில் இருந்தோம்.

பெண்கள் விஷயம் இன்னும் முக்கியம். 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க, விவாதத்தில் உதவும். இத்தனை மாநிலம் உள்ள நாட்டில் நாம் ஒரு மாநிலம், கிட்டத்தட்டப் பாதி! ஈவு என்று பேசும்போது எல்லாரும் மனதில் ஒரு இளைஞனைத்தான் நினைக்கிறார்கள். பாதி மக்கள்தொகை அடுப்படியில் இருந்தால் எந்த நாட்டுக்கும் ஈவு வராது. பெண்கள் வேலைக்கு வருவது நாடு முழுக்கக் கூடியிருக்கிறது என்று ஒன்றிய அரசு சொல்கிறது. 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி வேலையில் இருப்பதாகச் சொல்லப்படும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும் கடையில் உட்கார்வதும் வேலைதான், அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சம்பளமே கையில் வராத வேலையைக் காட்டி வேலைவாய்ப்பு பெருகியதாகச் சொன்னால் எப்படி?

நம்ம ஊரிலும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகும் பிள்ளைகளைக் கேளுங்க. கான்ட்ராக்ட், டிரெய்னி, மறுபடி கான்ட்ராக்ட். நாடு முழுக்க எடுத்தால் ஆலைத் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். முப்பது வயதுக்குள் மூன்று கம்பெனி மாறியிருப்பார்கள், சர்வீஸ் எங்கேயும் சேராது. 2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காகவும்தான். கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்ததும் அந்த பஸ்ஸில் பெண்களின் இருக்கை காலியாகிறது. ஏன்? குழந்தையை எங்கே விடுவது? அங்கன்வாடி சாயங்காலத்துக்குள் மூடிவிடும், கம்பெனி ஷிப்ட் அதற்குப் பிறகும் ஓடும். இந்த ஒரு நேர வித்தியாசத்தால் நாம் இழக்கும் உழைப்பு எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பல கோடி முதலீட்டு ஒப்பந்தங்களைவிட இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் பார்வையில் இது பெரிய விஷயம்.

இப்போது பயப்பட வேண்டிய பகுதி.

மக்கள்தொகை நிலையாக இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும் என்பார்கள். தமிழ்நாட்டில் 1971இல் அது 3.9. 2000 வாக்கிலேயே 2.1ஐ ஒட்டி வந்துவிட்டோம். 2020இல் 1.4. இது நம் பெண்களின் சாதனை, அதில் மாற்றுக் கருத்தில்லை. விளைவையும் பார்ப்போம். ஒன்றிய அரசு அமைத்த மக்கள்தொகைக் கணிப்புக் குழுவின் மதிப்பீட்டில் 2021இல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். 2036இல் 20.8 சதவீதம். ஐந்தில் ஒருவர் முதியவர். அதே 2036இல் பீகாரில் முதியவர்கள் 11 சதவீதம்தான் இருப்பார்கள். அதாவது ‘இந்தியா இளமையான நாடு’ என்ற பேச்சே ஒரு சராசரி. அந்தச் சராசரிக்குள் நரைத்துக்கொண்டிருக்கும் தமிழ்நாடும் கேரளாவும் ஒரு பக்கம், பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த பீகாரும் உத்தரப் பிரதேசமும் இன்னொரு பக்கம்.

நமக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் கையில். அதற்குப் பிறகு யார் உழைப்பார்கள்?

பதில் ஏற்கெனவே நம் கண் முன்னால் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும், கோவை பவுண்டரியிலும், சென்னையில் மெட்ரோ பள்ளத்திலும், டெல்டாவில் நடவு வயலிலும் இருப்பது யார்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துப் பிள்ளைகள்.

இங்கே உங்களிடம் ஒரு விஷயம் நேராகப் பேசணும். நம்ம பக்கத்திலேயே, நம்ம பதிவுகளுக்குக் கீழேயே, ‘வடக்கன்’ என்று கேலி பேசும் கமெண்டுகள் வருது. பான் எச்சில் மீம், ரயிலில் ஏறும் வீடியோ. போடுறவங்க பலர் நம்ம ஆட்கள். இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்பது நம் கொள்கை, அதில் ஒரு அங்குலம் இறங்க மாட்டோம். ஆனா பதினெட்டு வயசில் ஊரை விட்டு, மொழி தெரியாத ஊரில் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து எழும் பையனா உங்களுக்கு இந்தியைத் திணிச்சான்? அவனை அங்கே வேலையில்லாமல் விட்ட ஆட்சியாளர்கள்மேல் வர வேண்டிய கோபம் அது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்களைப் பரப்பி, நம்ம பெயரைக் கெடுக்கப் பார்த்தாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த வேலையை ஏன் நாமளே அவங்களுக்குச் செஞ்சு கொடுக்கணும்?

உணர்ச்சியை விடுங்க, கணக்கையே பேசுவோம். 2036இல் உங்க அம்மாவுக்கு எழுபது வயசு. அவங்களைத் தூக்கி உட்கார வைக்கிற உதவியாளர், வார்டில் ராத்திரி டூட்டி பார்க்கிற ஆள், உங்க தெருச் சாக்கடையைச் சரி பண்ற மெஷினை ஓட்டுகிறவர், இவர்களில் பாதிப் பேர் இன்று பீகாரிலோ ஒடிசாவிலோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம். அங்கே அந்தப் பிள்ளைக்கு முட்டை கிடைக்கிறதா, வாத்தியார் வருகிறாரா என்பது நம்ம பிரச்சினையும்தான். இங்கே வந்தபின் அவர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா, சம ஊதியம் கொடுக்கிறார்களா என்பது அதைவிட நம்ம பிரச்சினை. அவனுக்குக் குறைத்துக் கொடுத்தால் நாளைக்கு உனக்கும் குறைப்பார்கள். தொழிற்சங்கத்தில் இருக்கும் தோழர்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அவங்க ஏற்கெனவே இந்தியிலும் ஒடியாவிலும் துண்டறிக்கை அடிச்சுக் கொடுக்கிறாங்க.

இந்த இடத்தில் இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கு. நம்ம எண்ணிக்கை குறையுது, தொகுதி மறுவரையறை வந்தா நாடாளுமன்ற இடம் போகும், அதனால அதிகம் பிள்ளை பெத்துக்கோங்கன்னு தென்மாநில மேடைகளில் தலைவர்களே பேசுறாங்க. ஆந்திராவில் உள்ளாட்சித் தேர்தலுக்கு இருந்த இரண்டு குழந்தை விதியையே 2024இல் நீக்கிட்டாங்க. தொகுதி எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரைதான் அந்தப் பாதுகாப்பு. அப்புறம் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியவனுக்குத் தண்டனை, கட்டுப்படுத்தாதவனுக்குப் பரிசு என்று ஆகக் கூடாது. அதற்கு நாம் கடைசிவரை போராடுவோம். ஆனால் அந்தச் சண்டையைப் பெண்களின் வயிற்றில் நடத்தக் கூடாது. 1930 வாக்கிலேயே கர்ப்பத்தடையைப் பெண் விடுதலைக்காகப் பேசியவர் பெரியார். குடும்பச் செலவு மிச்சம், நாட்டு வறுமை ஒழியும் என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதே காரணம் என்றார் அவர். அந்த வழியில் வந்தவர்கள் ‘எம்.பி. சீட்டுக்காகப் பெத்துக்கோ’ என்று சொல்வது நமக்கு ஏற்புடையது இல்லை. தவிர, இன்று பிறக்கும் குழந்தை வேலைக்கு வர இருபது வருஷம் ஆகும். அதற்குள் நம் கெடு முடிந்திருக்கும். இருக்கிற பிள்ளைக்கு வேலை கேட்பது சுலபமான வழி.

முதியோருக்கு இந்த நாடு என்ன வைத்திருக்கிறது தெரியுமா? மாநில அரசு தன் பணத்தைப் போட்டுத்தான் 1,200 ரூபாய் ஓய்வூதியமாவது கிடைக்கிறது. அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பத்து வருஷத்துக்கு மேலாக அதே 200. இன்னிக்கு 200 ரூபாய்க்கு என்ன வரும்? ஒரு மாசத்துக்குப் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. இப்போது இருபத்தைந்து வயதில் இருப்பவர் பிஎஃப் இல்லாமல் டிரெய்னியாகவே காலம் தள்ளினால், முதுமையில் அவரும் இந்த வரிசையில்தான் வந்து நிற்பார். இளைஞர் பிரச்சினை, முதியோர் பிரச்சினை என்று தனித்தனியாக இரண்டு இல்லை. ஒரே ஆளின் இரண்டு வயதுகள் அவை.

வருகிற வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 15, கிராம சபை. வழக்கமாக நம் தோழர்கள் ரோடு, தண்ணி, விளக்கு கேட்பீங்க. அதையும் கேளுங்க. கூடவே இந்த முறை மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்க. நம் ஊராட்சியில் 18 முதல் 30 வயதுக்குள் எத்தனை பேர், அவர்களில் பிஎஃப் பிடித்தமுள்ள வேலையில் இருப்பவர் எத்தனை பேர்? கம்பெனி ஷிப்டுக்கு ஏற்றபடி அங்கன்வாடி நேரத்தை நீட்டிக்கத் தீர்மானம் போடலாமா? நம் ஊரில் தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்களா? ‘எங்களிடம் அந்த விவரம் இல்லை’ என்றுதான் பெரும்பாலான இடங்களில் பதில் வரும். பரவாயில்லை. விவரம் இல்லை என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க. விவரம் எடுக்க ஒரு தேதி குறிக்கச் சொல்லுங்க. நகரத்தில் இருக்கும் தோழர்கள் இதையே மனுவாக எழுதி வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கோங்க.

தீர்மானத்தின் போட்டோவை, ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் பெயரோடு இந்தப் பதிவின் கீழே போடுங்க. யாருடைய தனிப்பட்ட விவரமும் படத்தில் வராமல் பார்த்துக்கோங்க. ஆகஸ்ட் 31 வரை வருவதை மாவட்டவாரியாகத் தொகுத்து, மாநிலத் தொழிலாளர் துறைக்கும் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்துக்கும் கட்சியின் சார்பில் அனுப்புகிறோம். வந்த பதிலையும், பதில் வரவில்லை என்றால் அதையும், இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

#வேலை_எங்கே